பதினாலாம் ரேக் கீசர்

லியோனார்டுக்குக் கை முந்தும், வாய் பிந்தும். சாந்தோம் சர்ச் பங்கில் இது தெரியாதவர் கிடையாது. நாற்பத்திரண்டு வயதுக்குள் ஐந்து கடைகளில் வேலை பார்த்தவன். ஐந்திலும் யாரையாவது அடித்துவிட்டுத்தான் வெளியே வந்தான். ஒரு கடையில் மேனேஜரின் முன்பல் போயிற்று. இன்னொன்றில் கண்ணாடிக் கதவும் அதற்குப் பின்னால் நின்றவரின் மூக்கும் ஒன்றாகப் போயின. கடைசியாக அடித்தது சொந்த மச்சானை, அதுவும் கிறிஸ்துமஸ் அன்றைக்கு, பிரியாணி பரிமாறிய இலைக்கு முன்னால்.

மறுநாள் காலை அவன் மனைவி மர்சலின் அமைதியாகச் சொன்னாள். "இனிமே எவன் மேலயாவது கை வெச்சன்னு தெரிஞ்சுது, நான் ஷில்பாவ இட்டுக்கினு நங்கநல்லூர்ல எங்கம்மா வூட்டுக்குப் போயிடுவேன். கூப்புட வராத."

அவள் சொன்னால் சொன்னதுதான். லியோனார்டுக்கு உலகத்தில் பயம் என்று ஒன்று இருந்தால் அது மகள் ஷில்பா இல்லாத வீடு. அதனால் ஆறாவது கடையில், தி.நகரில் சங்கரனின் எலக்ட்ரிக் சாமான் கடையில், வாயையும் கையையும் பூட்டிக்கொண்டு சேர்ந்தான். வீடுகளுக்குப் போய் ஃபேன், கீசர் மாட்டுவது அவன் வேலை.

தொண்ணூற்றொன்பதாம் வருஷம் சங்கரனுக்கு வெப்சைட் ஆசை பிடித்தது. அமெரிக்காவில் இருக்கும் பிள்ளை அங்கிருந்தே ஆர்டர் போடுவான், மயிலாப்பூரில் இருக்கும் அம்மா வீட்டுக்கு மிக்சி போய்ச் சேரும். நல்ல யோசனைதான், நான் குறை சொல்லவில்லை. கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் ஏற்றுவதற்குச் சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து ஜமீலுன்னிசா என்ற பெண் வந்தாள்.

வந்த வாரமே அவளுக்கும் சங்கரனுக்கும் முட்டிக்கொண்டது. அந்தக் கடையில் எந்தச் சாமானுக்கும் பெயர் கிடையாது. அது உட்கார்ந்திருக்கும் ரேக்கின் நம்பர்தான் பெயர். "பதினாலு ஒண்ணு எடு" என்றால் பதினாலாம் ரேக்கில் இருக்கும் கீசர் வரும். அதே நம்பரைத்தான் சங்கரன் வெப்சைட்டிலும் போடச் சொன்னார்.

"சார், சாமானுக்குன்னு மாறாத ஒரு நம்பர் குடுக்கணும். அது எங்க இருந்தாலும் அதே நம்பர்தான். அளவு, உள்ள என்ன இருக்கு, எப்படி மாட்டணும், எல்லாம் அந்த நம்பருக்குக் கீழ ஒரே எடத்துல இருக்கணும். வெப்சைட்டு, பில்லு, மாட்டப் போறவர் கையில குடுக்கிற தாளு, மூணும் அங்கேர்ந்துதான் எடுக்கணும்" என்றாள்.

"எங்கப்பா காலத்துலேர்ந்து ரேக் நம்பர்தாம்மா. நீ டைப் பண்ணு, போதும்" என்றார் சங்கரன்.

ஆயுத பூஜை வந்தது. வருஷா வருஷம் முந்தின நாள் எல்லா ரேக்கையும் காலி செய்து, கழுவிச் சுண்ணாம்பு அடித்து, கைக்கு வந்தபடி திருப்பி அடுக்குவார்கள். சாமான்கள் இடம் மாறும். கடை ஆட்களுக்கு இரண்டு நாளில் பழகிவிடும். கம்ப்யூட்டருக்கு யார் போய்ச் சொல்வது? ஜமீலுன்னிசா அன்று லீவு. பாதுகாப்பு வால்வு வைத்த கீசர் இருந்த பதினாலில், வால்வே இல்லாத மலிவு கீசர் ஏறி உட்கார்ந்தது. அதே கம்பெனி, அதே வெள்ளை நிறம், அதே பதினைந்து லிட்டர்.

நான்காம் நாள் நியூ ஜெர்சியிலிருந்து சுஹாஸ் என்பவர் மயிலாப்பூரில் தனியாக இருக்கும் தன் அம்மாவுக்காகப் பதினாலாம் நம்பர் கீசரை ஆர்டர் போட்டார். அம்மா பெயர் வேம்பு. கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். பெட்டியைத் திறந்த லியோனார்டுக்கு உடனே சந்தேகம் வந்தது. பதினாலுக்கென்று கம்ப்யூட்டரில் எடுத்துக் கொடுத்த தாளில் 'வால்வு உண்டு, வெளிக்குழாயில் திருகுக் குழாய் வைத்து மூடலாம்' என்று அச்சாகியிருந்தது. கீசரில் வால்வைக் காணோம். வால்வு இல்லாத கீசரின் வெளிக்குழாயை மூடினால் உள்ளே கொதிக்கும் தண்ணீருக்குப் போக வழி இல்லை. டீச்சர் வீட்டு ஃபோனிலிருந்தே கடைக்குப் பேசினான்.

"சார், இதுல வால்வு காணம். தாளு ஒண்ணு சொல்லுது, சாமான் வேற மாதிரி கீது."

"தாள்ல இருக்கில்ல? உள்ள இருக்கும். மாட்டுய்யா. அங்க போயும் உன் சண்டைய ஆரம்பிக்காத. ஆறாவது கடைன்னு ஞாபகம் இருக்கட்டும்."

ஷில்பாவை நினைத்தான், கோபத்தை விழுங்கினான். ஃபோனை வைத்துவிட்டு, தாளில் இருந்தபடியே திருகுக் குழாயை வைத்து மூடி மாட்டிவிட்டு வந்தான்.

மாட்டிய ஒன்பதாம் நாள் காலை அது வெடித்தது. கீழே வாளியோடு நின்ற டீச்சரின் வலது கையும் கழுத்தும் கன்னமும் வெந்துபோயின. பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவை உடைத்து அவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள்.

அன்று மதியமே டீச்சரின் அண்ணன் மகன் சாய்நாத், மேற்கு மாம்பலத்திலிருந்து மூன்று நண்பர்களோடு கடைக்கு வந்தான். "எவன்டா மாட்டினது?" என்று கேட்டான். சங்கரன் லியோனார்டைக் கைகாட்டினார். ஹெல்மெட்டால் முதல் அடி தாடையில் விழுந்தது. கடை வாசலில், பூ விற்கிறவர்களும் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களும் பார்க்க, நான்கு பேரும் மாறி மாறி அடித்தார்கள். விழுந்தவனை விலாவில் மிதித்தார்கள். நான்கு பேரையும் தனியாகச் சமாளிக்கக்கூடியவன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு வாங்கினான். உதட்டில் ஏழு தையல், விலா எலும்பு ஒன்று போச்சு. சங்கரன் ஷட்டருக்குப் பின்னால் நின்றிருந்தார். அந்த ஆளை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

அதற்கப்புறம்தான் அவருக்குப் புத்தி வந்தது. ஜமீலுன்னிசா சொன்ன முறைக்கே மாறலாம் என்றார். வேலை முடியப் பதினோரு நாள் ஆயிற்று. கட்டுப் போட்ட உடம்போடு லியோனார்ட் ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து, அளந்து, வால்வு உண்டா இல்லையா என்று பார்த்துச் சொன்னான். அவள் பழைய பட்டியலை ஃப்ளாப்பி டிஸ்க்கில் எடுத்து வைத்துவிட்டுப் புதிதாக ஏற்றினாள். ஒவ்வொன்றுக்கும் மாறாத நம்பர் ஒட்டினார்கள். செய்த வேலைகளிலேயே அவனுக்கு மனசுக்குப் பிடித்த வேலை அதுதான்.

கடைசி நாள் சங்கரன் பக்கத்தில் வந்து நின்றார். "அந்த மலிவு கீசர் இருக்குல்ல, அதுல 'வால்வு இல்லை, குழாயை மூடக் கூடாது'ன்னு போடு. ஆயுத பூஜைக்கு முன்னாடியே ஏத்தின மாதிரி தேதி இருக்கட்டும். போலீஸ் கேட்டா, மாட்டினவன் தாளப் பாக்கலன்னு ஆயிடும்."

"மாட்டேன் சார்" என்றாள் ஜமீலுன்னிசா. "பொய் எழுதவா இத்தன நாள் உட்காந்தோம்?"

சங்கரன் ஃபைலைத் திறந்து, டீச்சர் வீட்டுக்குப் போன தாளின் நகலை உருவி, லியோனார்டின் கண் முன்னாலேயே நாலாகக் கிழித்தார்.

அவ்வளவுதான். லியோனார்டின் முதல் குத்து வாயில், இரண்டாவது வயிற்றில். சங்கரன் கம்ப்யூட்டர் மேஜையோடு சேர்ந்து சரிந்தார். மானிட்டர் விழுந்து வெடித்தது. காலரைப் பிடித்துத் தூக்கி, ரேக்கில் மோதி, மறுபடி தூக்கினான். கீசர் பெட்டிகள் இருவர் மேலும் உருண்டன. ஜமீலுன்னிசா அவன் முதுகுச் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டே, "அண்ணே, விடுங்கண்ணே, ஃப்ளாப்பியில பழசு எல்லாம் இருக்குண்ணே, செத்துடுவாருண்ணே" என்று கத்தியது அவன் காதில் ஏற வெகுநேரம் ஆயிற்று.

அந்த ஃப்ளாப்பிக்குப் பயந்துதான் சங்கரன் போலீசுக்குப் போகவில்லை. ஜமீலுன்னிசா வெளியில் ஒரு கடையில் அந்தத் தாளை மறுபடி அச்செடுத்து லியோனார்டிடம் கொடுத்தாள். அவன் வீட்டுக்கு வந்து, மர்சலின் கேட்பதற்கு முன்னால் தானே எல்லாவற்றையும் சொன்னான். அவள் பரண்மேல் இருந்த பையை இறக்கினாள்.

"போறதுக்கு முன்னாடி என்கூட ஒரு எடத்துக்கு வா. அந்தம்மா கைல இந்தத் தாளக் குடுக்கணும். தனியாப் போவ எனக்குத் தைரியம் இல்ல" என்றான் அவன். அவள் வந்தாள்.

வேம்பு டீச்சர் தோள்வரை கட்டோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கன்னத்தில் புதுத்தோல் சிவப்பாக இருந்தது. தாளை இடது கையால் வாங்கி இரண்டு தடவை படித்தார்.

"இது சங்கரனோட தப்பு. சரி. ஆனா அன்னிக்கு நீங்க ஃபோன்ல கேட்டது என் காதுலயும் விழுந்தது. வால்வைக் காணும்னேள். தெரிஞ்சும் ஏன் மாட்டினேள்?"

"பேசினா சண்டையாயிடும் டீச்சர். அடிச்சிருப்பேன். அடிக்க மாட்டேன்னு வூட்ல வாக்கு குடுத்துட்டேன்."

"அடிக்க யார் சொன்னா? ஸ்பேனரைக் கீழ வெச்சுட்டு, நான் மாட்ட மாட்டேன்னு சொல்லிட்டுப் போயிருக்கலாமே. அதுக்கு யாரை அடிக்கணும்?"

அடிப்பது, இல்லாவிட்டால் விழுங்குவது, இந்த இரண்டைத் தவிர மூன்றாவது ஒன்று உண்டு என்று நாற்பத்திரண்டு வருஷமாக லியோனார்டுக்குத் தோன்றியதே இல்லை. அந்தக் கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டே குலுங்கிக் குலுங்கி அழுதான். மர்சலினும் அழுதாள். ஆனால் சொன்ன வார்த்தையை அவள் மாற்றவில்லை.

சாயங்காலம் மாம்பலம் ஸ்டேஷன் வரைக்கும் மர்சலின், ஷில்பாவின் பையை அவனே தூக்கிக்கொண்டு போனான்.