ஒரு தபாதான் மருந்து போட்டேன்

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்ததும் பிரபாவதி வீட்டுக்குப் போகமாட்டாள். திண்டிவனத்தில் பஸ் ஏறி விழுப்புரம் போய்விடுவாள். அங்கே ஊருக்கு வெளியே பழைய அரிசி மில் கொட்டகை ஒன்றில் சிலர் சேர்ந்து ஒரு சின்ன ரைபிள் கிளப் நடத்துகிறார்கள். நாற்பத்தேழு வயது, பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர், கழுத்தில் எப்போதும் ஒரு விசில். துப்பாக்கி சுடப் போகிறேன் என்று அவள் சொன்னால் கேட்டவர்கள் சிரிப்பார்கள். அவளும் கூடச் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றுவாள்.

கல்லூரியில் என்.சி.சி. முகாமில்தான் முதன்முதலாகச் சுட்டாள். பாயில் குப்புறப் படுத்து விசையை அழுத்தியபோது கண்ணை இறுக மூடிக்கொண்டாள். சத்தம் வந்தது, தோளில் ஒரு தட்டு தட்டியது, அவ்வளவுதான். கண்ணைத் திறந்து இடது கையைப் பார்த்தாள். விரல்கள் அப்படியே இருந்தன. "இன்னும் ரவுண்டு இருக்கும்மா, சுடு" என்றார் ஹவில்தார். சுட்டாள். அன்றைக்குப் பிடித்த ஆசை இன்றுவரை விடவில்லை.

அவள் அப்பா இருதயராஜுக்கு இடது கை மணிக்கட்டோடு போயிருந்தது. இடது கண்ணும் இல்லை.

பனமலைக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர் அவர்களுடையது. ஊரே 'பெரிய வீட்டுக்காரர்' என்று சொல்லும் ஒருவரின் மல்லாட்டைக் கொல்லியில், அதாவது நிலக்கடலைக் காட்டில், இருதயராஜ் காவல் இருந்தார். காட்டுப்பன்றி இறங்கும் பருவத்தில் பெரிய வீட்டுக்காரர் தன்னுடைய லைசென்ஸ் துப்பாக்கியையே அவரிடம் கொடுத்து அனுப்புவார். குழல் வாயில் கரிமருந்தைக் கொட்டி, துணியைத் திணித்து இடித்து, குண்டைப் போட்டு, மறுபடி துணி வைத்து இடிக்கிற பழைய ரகம். மருந்து இரட்டிப்பாக விழுந்தால் குழலே கிழிந்துவிடும். லைசென்ஸ் இல்லாத ஆள் அதைத் தொடக்கூடாது. ஆனாலும் அது காவல்காரன் தோளில் போய்வருவதை ஊரில் பார்க்காதவர் கிடையாது.

பிரபாவதிக்கு எட்டு வயதாக இருந்தபோது, ஒரு விடியற்காலை அது அவர் கையிலேயே வெடித்தது. ஆஸ்பத்திரிக்கு வண்டி கிளம்புவதற்குள் பெரிய வீட்டில் பேசி முடித்துவிட்டார்கள். துப்பாக்கி என்ற சொல்லே எங்கும் வரவில்லை. பன்றியைக் கொல்ல இருதயராஜ் திருட்டுத்தனமாக நாட்டுவெடி உருட்டினான், அது வெடித்துவிட்டது என்று போலீசில் எழுதினார்கள். காயம் ஆறுவதற்குள் ஜெயிலுக்குப் போனார். வழக்கு வருடக்கணக்கில் இழுத்து, சாட்சி வராமல் தள்ளுபடியானது. பெயர்தான் தள்ளுபடியாகவில்லை. ஊரில் அவர் வெடிகாரன், அவள் வெடிகாரன் பெண். யாரும் கூலி வேலைக்குக் கூப்பிடவில்லை. அம்மா சவுரியம்மாள் புருஷனையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு திண்டிவனம் வந்து, நெல் காயவைக்கும் களத்தில் வேலைக்குச் சேர்ந்தாள்.

அதற்கப்புறம் இருதயராஜ் பத்துப் பன்னிரண்டு வருடம் இருந்தார். ஜெயிலைப் பற்றியோ பெரிய வீட்டைப் பற்றியோ அவர் பேசியதில்லை. அவரை அரித்தது வேறொன்று. சாப்பிட்டுக்கொண்டே இருப்பார், திடீரென்று கை நிற்கும்.

"ஒரு தபாதான் மருந்து போட்டேன் சவுரி. போட்டனா? தூக்கக் கலக்கத்துல ரெண்டு தபா போட்டுட்டனா?"

"ஒரு தபாதான் போட்டிருப்ப. துன்னு."

சவுரியம்மாளுக்கு எப்படித் தெரியும்? அவள் அப்போது அங்கே இல்லை. அவருக்கும் அது தெரியும். மறுபடி ஒரு வாரம் கழித்துக் கேட்பார். சாகிற மாதம்வரை கேட்டார். செத்த பிறகுதான் சொந்த ஊர் மண்ணுக்குத் திரும்பிப் போனார்.

கிளப்பில் இந்தக் கதை யாருக்கும் தெரியாது. அவள் சொன்னதில்லை.

போன வருடம் ஆண்டு விழாவுக்குக் கிளப் செயலாளர் ராஜாங்கம் ஒரு யோசனை சொன்னார். பட்டாளத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். வாட்ஸ்அப் குழுவில் அவர் குரல் வந்தது: "ஆளுக்கு ஒரு பழைய போட்டோ போடுங்க. சின்ன வயசுல துப்பாக்கி பாத்த கதைய விழாவுல சொல்லணும்." படங்கள் வந்து குவிந்தன. மயிலம் திருவிழாவில் பலூன் சுடும் பையன். தீபாவளிக்குப் பொட்டுவெடித் துப்பாக்கியோடு தங்கச்சியை மிரட்டும் அண்ணன். பட்டாளத்துச் சித்தப்பா. பிரபாவதி ஒவ்வொன்றையும் பார்த்துச் சிரித்தாள்.

ஒரு மத்தியானம் ஆசிரியர் அறையில் இருந்தபோது சுதாகரின் படம் வந்தது. விழுப்புரத்தில் டைல்ஸ் கடை வைத்திருப்பவன், முப்பத்து சொச்சம் வயது, கலகலப்பானவன். அவளுக்கு மேடம் மேடம் என்று டீ வாங்கி வந்து தருவான். படத்தில் இரும்பு நாற்காலியில் ஒரு பெரியவர், மடியில் துப்பாக்கி, காலடியில் செத்த பன்றி. பின்னால் கோவணமும் தலைத்துண்டுமாக ஓர் ஆள், பன்றியின் பின்னங்காலைக் கேமராவுக்குத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார்.

'எங்க தாத்தா. பனமலை பக்கம் எங்க ஊர்ல. இதுல ஒரு காமெடி கதை இருக்கு, விழாவுல சொல்றேன்' என்று கீழே எழுதியிருந்தான்.

அவள் படத்தைப் பெரிதாக்கினாள். அந்த ஆள் பன்றிக்காலை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். இரண்டு கண்ணாலும் கேமராவைப் பார்த்தார். அப்பாவை அப்படிக் காட்டும் படம் ஒன்றுகூட அவர்கள் வீட்டில் இல்லை. அந்த முகம் எப்படி இருந்தது என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. அடுத்த வகுப்புக்கு மணி அடித்தும் அவள் எழவில்லை.

வீட்டில் அம்மாவிடம் காட்டினாள். சவுரியம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். முகத்தைத் தொடப்போக, விரல் பட்டுப் படம் நகர்ந்துவிட்டது.

"ஐயோ, போயிடுச்சிடி!"

"எங்கயும் போவல. இந்தா."

"ரெண்டு கையும் கீது பாரு" என்றாள் சவுரியம்மாள். கொஞ்சம் கழித்து, "எங்கடி கெடச்சிது?"

"பெரிய வூட்டு பேரன் போட்டிருக்கான்மா. எங்க கிளப்புலதான் கீறான். எனக்கே இன்னைக்குதான் தெரியும்."

சவுரியம்மாள் போனைக் கவிழ்த்து வைத்தாள். "அந்த விழாவுக்குப் போவாத."

"போவேன்."

விழா ஒரு ஞாயிறு காலையில் நடந்தது. முப்பது நாற்பது பேர், குடும்பத்தோடு. சுவரில் ஒவ்வொரு படமாகக் காட்டினார்கள். சுதாகர் தன் படம் வந்ததும் மைக்கைப் பிடித்தான்.

"பின்னாடி நிக்கறாரு பாருங்க, அவர் எங்க கொல்லி வாட்ச்மேன். தாத்தா துப்பாக்கிய பாத்து பாத்து அவருக்கும் ஆச வந்துடுச்சாம். லைசென்ஸ் கெடைக்குமா? அதனால சொந்தமா வெடி உருட்டிட்டாரு! டமால்னு சத்தம், மல்லாட்ட மழையா கொட்டுச்சாம்! நான் சாப்பிடலன்னா தாத்தா இந்தக் கதையதான் சொல்லுவாரு. ஒவ்வொரு தடவையும் சிரிச்சி சிரிச்சி ஒரு தட்டு சோறு உள்ள போயிடும்."

எல்லோரும் சிரித்தார்கள். அவன் நல்லவன்தான் என்பது அப்போதும் பிரபாவதிக்குத் தெரிந்தது. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் கொடுத்திருந்த படம் சுவரில் வந்தது. திண்டிவனத்தில் ஒரு ஸ்டூடியோவில் கோயிலில் முதன்முறை நற்கருணை பெற்று, புதுநன்மை வாங்கிய அன்று எடுத்தது. வெள்ளைக் கவுனில் அவள், பக்கத்தில் அம்மா, ஓரத்தில் அப்பா. போட்டோக்காரர், ஒரு கண் இல்லாதது தெரியாமல் இருக்கட்டும் என்று அப்பாவைப் பக்கவாட்டில் திருப்பி நிறுத்தி, இடது கையை மகளின் முதுகுக்குப் பின்னால் மறைக்கச் சொல்லியிருந்தார்.

"சுதாகர் படத்துல பன்னிக்கால தூக்கிக்கினு நிக்கறவரும் இவரும் ஒருத்தர்தான்" என்றாள். "இருதயராஜ். எங்க அப்பா. அவர் வெடி எதுவும் உருட்டல. சுதாகர் தாத்தா மடியில இருக்குதே, அந்தத் துப்பாக்கிதான் அவர் கையில வெடிச்சிது. லைசென்ஸ் போயிடும்னு வெடின்னு எழுதிட்டாங்க. எங்க அப்பா ஜெயிலுக்குப் போனாரு."

சுதாகர் மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான்.

முதலில் பேசியது முன்வரிசையில் இருந்த ஒரு வக்கீல். "டபுள் லோடா மேடம்?"

"வாய்ப்பு கம்மி சார்" என்றார் பின்னாலிருந்து இன்னொருவர். "குழாய்க்குள்ள மண்ணு அடச்சிருந்தாலும் வெடிக்கும். குளவி கூடு கட்டியிருக்கும்."

"நாட்டுக் குழாய்தானே, துருப்பிடிச்சிருக்கும்."

"எந்தப் பக்கம் கிழிஞ்சிது? அடியிலயா, நுனியிலயா? அத வச்சி சொல்லிடலாம்."

"இடது கைதானே போச்சி? அந்தக் கை தாங்கற அடிப்பக்கம் கிழிஞ்சிருக்கு. அப்ப டபுள் லோடுதான்."

அவர்கள் கெட்ட எண்ணத்தில் பேசவில்லை. பேசத் தெரிந்ததைப் பேசினார்கள். இத்தனை வருடமும் இலக்கைப் பார்த்துப் படுத்திருந்தபோதெல்லாம் பிரபாவதியும் இதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்பாவும் இதைத்தான் கேட்டார். கையைப் பறிகொடுத்தவரே தன்னைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திக்கொண்டு செத்தார்.

"ஒரு தபாதான் போட்டேன்னு சொல்லுவாரு" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினாள்.

ராஜாங்கம் எழுந்து, சாப்பாடு தயார் என்றார். பிரியாணி நன்றாக இருந்தது என்று யாரோ சொல்வது அவள் வாசலில் செருப்பு மாட்டும்போது காதில் விழுந்தது. சுதாகரை எங்கும் காணவில்லை. குழுவிலிருந்து அந்தப் படத்தை அவன் சாயங்காலமே அழித்துவிட்டான். அவள் அதற்கு முன்பே தன் போனில் எடுத்து வைத்திருந்தாள்.

இரண்டு மூன்று வாரம் கழித்து அவன் திண்டிவனத்துக்கு வந்தான். முகம் சுருங்கிப்போயிருந்தது. யார் வந்திருப்பது என்று பிரபாவதி சொன்னதும் சவுரியம்மாள் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். பழைய பழக்கம். எழுந்த பிறகுதான் அவளுக்கே உறைத்தது. மறுபடி உட்கார்ந்து, முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"எங்க அப்பாகிட்ட கேட்டேங்க்கா" என்றான் சுதாகர். 'மேடம்' போய் 'அக்கா' வந்திருந்தது. "மொதல்ல அடிக்க வந்தாரு. நாலு நாள் பேசல. அப்புறம் அவரே கூப்ட்டு சொன்னாரு." நாற்காலி நுனிக்கு நகர்ந்தான். "மொத நாள் சாயந்திரம் எங்க அப்பா அந்தத் துப்பாக்கிய கொக்கு சுட எடுத்துக்கினு போயிருக்காரு. மருந்து போட்டு இடிச்சிட்டு, சுடாமயே கொட்டாயில சாத்தி வச்சிட்டாராம். சொல்ல மறந்துட்டாராம். உங்க அப்பா விடியகாலைல வந்து..."

"அவரும் போட்டாரு" என்றாள் பிரபாவதி.

"ஆமாங்க்கா. ஒரு தபாதான் போட்டாரு."

சவுரியம்மாள் சுவரைப் பார்த்தாள். அழவில்லை. "செத்துப்போனாரே" என்றாள். "அது தெரியாமயே செத்துப்போனாரே தம்பி."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். என்ன செய்யணுமோ சொல்லுங்க, செய்கிறேன் என்றான். பிரபாவதி போலீசைப் பற்றி யோசித்திருந்தாள், கோர்ட்டைப் பற்றியும் யோசித்திருந்தாள். அவள் வாயைத் திறக்கும் முன்பே அம்மா சொல்லிவிட்டாள்.

"கல்லறத் திருநாளுக்கு எங்க ஊரு சனமெல்லாம் வரும். அங்க வந்து சொல்லு. அவரு வெடிகாரன் இல்லன்னு ஊரு காதுல வுழட்டும். எனக்கு வேற ஒண்ணும் வாணாம்."

நவம்பர் இரண்டாம் தேதி சுதாகர் தனியாக வந்தான். அவன் அப்பா வரவில்லை. வரமாட்டார் என்று எல்லோருக்கும் தெரியும். மழை தூறிக்கொண்டிருந்தது. கல்லறைகளைச் சுற்றிப் புல்லைச் செதுக்கி, பூவைப் போட்டு, மெழுகுவர்த்தியைக் குடையால் மறைத்து நின்றார்கள். பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரித்துவிட்டுப் போன பிறகு, இருதயராஜின் சிலுவைக்குப் பக்கத்தில் சுதாகர் நின்று சொன்னான். துப்பாக்கி எங்களுடையது, மருந்து போட்டு வைத்தது என் அப்பா, பழியைப் போட்டது என் தாத்தா என்றான். இரண்டு இடத்தில் நிறுத்தி நிறுத்தித்தான் சொல்ல முடிந்தது.

கூட்டத்தில் யாரும் ஆச்சரியப்படவில்லை. அதை முதலில் கவனித்தவள் பிரபாவதிதான். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஜெயம் என்று ஒரு கிழவி, அந்தக் காலத்தில் சவுரியம்மாளோடு களை வெட்டியவள், தொண்டையைக் கனைத்தாள். "எங்களுக்குத் தெரியாதா தம்பி? விரிஞ்ச துப்பாக்கிக் கொழாய சாக்குல கட்டி உங்க வூட்ல குடுத்ததே நானும் எங்க வூட்டுக்காரரும்தான். நீதான் இப்ப தெரிஞ்சிக்கின."

சவுரியம்மாள் திரும்பினாள். "தெரியுமா?"

"எல்லாருக்கும் தெரியும்க்கா."

"அப்புறம் ஏன்டி வெடிகாரன்னு கூப்ட்டீங்க? எம் பொண்ண ஏன்டி அழவச்சீங்க?"

ஜெயம் குடையைக் கை மாற்றிப் பிடித்தாள். "அப்பிடி சொன்னவங்களதான்க்கா அவுங்க கொல்லியில வேலைக்கி சேத்தாங்க. எங்களுக்கும் புள்ளைங்க இருந்திச்சி. அப்புறம் வாயில அதுவே பழகிடுச்சி."

சவுரியம்மாள் மகள் கையைப் பிடித்துக்கொண்டு சேற்றில் மெதுவாக ரோட்டுக்கு நடந்தாள். கொண்டுபோய் விடுகிறேன் என்று சுதாகர் காரைக் கொண்டுவந்து நிறுத்தினான். அவள் வேண்டாம் என்று தலையசைத்து, பஸ்ஸுக்கே நின்றாள். பெரிய வீட்டின் மேல் இருந்த கோபத்தை அவளுக்கு எங்கே வைப்பது என்று தெரியும், நாற்பது வருடமாக வைத்திருந்தாள். இது புதிது. இதை வைக்க அவளிடம் இடம் இல்லை.

சுதாகர் கிளப்பை விட்டு நின்றுவிட்டான். அவன் அப்பா அவனோடு பேசுவதில்லை என்று கேள்வி. பிரபாவதி கொஞ்ச நாள் போகாமல் இருந்துவிட்டு, மறுபடி ஞாயிற்றுக்கிழமைகளில் போகத் தொடங்கினாள். ராஜாங்கம் அவளுக்கு எழுந்து வணக்கம் சொல்கிறார். அந்த விழாவைப் பற்றி யாரும் பேசுவதில்லை. குழுவில் இப்போது குடும்பப் படம் போடக்கூடாது என்று ஒரு விதி இருக்கிறது.

சவுரியம்மாள் அதற்குப் பிறகு ஊருக்குப் போகவில்லை. ஜெயம் ஒரு முறை போன் செய்தபோது பேசச் சொல்லிப் பிரபாவதி நீட்டினாள். "தூங்கறேன்னு சொல்லிடு" என்றாள் சவுரியம்மாள், கண்ணைத் திறந்துகொண்டே.