பச்சை மூடி டப்பா

எங்கள் தொழிற்சாலையில் அவருக்கு உப்புத்தண்ணி என்று பெயர். இறைச்சியை ஊறவைக்கும் உப்புத் தண்ணீரைப் பதினெட்டு வருடமாகக் கலக்குகிறவர். நான் பக்கத்து அறையில் இறைச்சித் துண்டுகளைப் பாக்கெட் போடுகிறவள். எனக்கு வாய் நீளம், நான் அண்ணன் என்று கூப்பிடுகிற அவருக்கு வாயே கிடையாது. அதனால் எங்களுக்குள் சண்டை வந்ததில்லை.

கலவை அறையில் எந்தப் பொடிக்கும் பெயர் இல்லை. கிடங்கிலேயே மூட்டையைப் பிரித்து டப்பாவில் கொட்டிவிட்டால் பிறகு மூடியின் நிறம்தான் பேச்சு. சிவப்பு மூடி நிறத்துக்கு, மஞ்சள் மூடி கெடாமல் இருக்க. பச்சை மூடி, இறைச்சி தண்ணீரைப் பிடித்து மெத்தென்று இருக்க, எடையும் நிற்கும். எந்த மகராசன் செய்த ஏற்பாடோ! "பச்சைல நாலு கரண்டி" என்பார்கள், அவர் போடுவார்.

அவர் மனைவிக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். உடம்பு தேற இறைச்சி சாப்பிடலாம் என்று மருத்துவர் சொன்னதிலிருந்து, துண்டு போட்டு மிஞ்சும் முனைகளை அண்ணன் தினமும் வீட்டுக்குக் கொண்டுபோனார். எங்களுக்கு அது இலவசம். நல்லதாகப் பொறுக்கி நான்தான் கட்டிக் கொடுப்பேன். அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு.

அண்ணிக்கு ரத்தத்தில் ஏறிய பாஸ்பரஸ் அளவு இறங்கவே இல்லை. அந்த அரிப்பில் தோல் கிழியச் சொறிவார். இப்படியே போனால் இதயம் தாங்காது என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். அதைக் குறைக்கச் சாப்பாட்டோடு போடவேண்டிய மாத்திரையை அண்ணி ஒளித்து எறிகிறார் என்று எல்லோரும் முடிவுகட்டினோம். வாயில்லாத மனிதருக்கு வீட்டில் மட்டும் வாய் முளைத்தது. ஒருநாள் நான் பார்க்கவே நடந்தது.

"வாயைத் தொற. முழுங்கிட்டியான்னு பார்க்கணும்."

"முழுங்கிட்டேங்க."

"பொய் சொல்லாத. உன்னைப் பறிகொடுத்துட்டு நான் என்ன பண்ணுவேன்?"

அண்ணி நாக்கை நீட்டிக் காட்டினார். ஆனாலும் நான் அண்ணன் பக்கம்தான் பேசினேன்.

மருத்துவமனைக்குப் புதிதாக ஓர் உணவு ஆலோசகர் வந்தார். சின்னப் பெண். வீட்டில் சாப்பிடுவதையெல்லாம் உறையோடு கொண்டுவரச் சொன்னார். முனைகளுக்கு ஏது உறை? நான் போட்ட பாக்கெட் ஒன்றை அண்ணன் எடுத்துப்போனார். அந்தப் பெண் அதைத் திருப்பி, எறும்பு போல ஊர்ந்த எழுத்தில் ஓர் எண்ணைக் காட்டினார்.

"இது பாஸ்பேட் சார், பாஸ்பரஸ்தான். பேரைப் போடாம நம்பரைப் போட்டிருக்காங்க. கறி தண்ணி புடிக்கிறதுக்குச் சேர்க்கறது. இதைத் தினமும் சாப்பிட்டா, மாத்திரை என்ன பண்ணும்?"

பச்சை மூடி டப்பாவில் இருப்பது எதுவென்று அண்ணனுக்குப் புரிந்துவிட்டது. நேரே தொழிற்சாலைக்கு வந்து மேலாளர் முன்னால் நின்றார். பாக்கெட்டில் அந்தப் பெயரைப் பெரிதாகப் போடச் சொன்னார். "நம்பர் போட்டிருக்கோமே, படிக்கத் தெரிஞ்சவன் படிச்சுக்கட்டும்" என்று பதில் வந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கூட்டம். கலக்குகிறவனுக்கே தெரியாமல் மறைத்தவர்களுக்கு, வாங்குகிறவன் எம்மாத்திரம்?

சாயங்காலம் வீட்டில் நடந்ததை அண்ணி பிறகு என்னிடம் சொன்னார். அண்ணன் அவர் காலடியில் உட்கார்ந்து அழுதாராம்.

"நீ மாத்திரையை ஒழுங்காத்தான் போட்டிருக்க. நான்தான் உனக்கு... உனக்குப் புடிக்குமேன்னுதான் கொண்டாந்தேன்."

"எனக்கு அது என்னிக்குங்க புடிச்சுது? நீங்க ஆசையாக் கொண்டாந்தீங்களேன்னு தின்னேன்."