சபைப் பள்ளி திருப்பி அனுப்பிய ஊசி

பிரேசர் டவுனில் எங்கள் சபை நடத்தும் சின்னப் பள்ளியில்தான் என் மகள் படித்தாள். தட்டம்மைத் தடுப்பூசி போட அரசு நர்சுகள் வந்தபோது, பள்ளியை நடத்தும் பாஸ்டர் அவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

"கட்டாயம்னு சட்டம் இல்லீங்க. இது நம்ம ஸ்கூல், நம்ம விசுவாசம்," என்றார்.

என் மகளுக்குக் கைக்குழந்தையிலேயே ஊசி போட்டாயிற்று, நமக்கென்ன என்று நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம். பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால், பெற்றோரும் கூடும் பள்ளி ஜெபத்துக்குத் தூக்கி வந்து நடுவில் உட்காரவைப்பார்கள். எல்லோரும் சுற்றி நின்று தலையில் கை வைப்போம். அன்று மகளின் வகுப்பில் படிக்கும் ஒரு பையன் காய்ச்சலில் முனகிக்கொண்டிருந்தான். முகமெல்லாம் சிவப்புத் தடிப்பு. என் இடுப்பில் ஏழு மாத மகன். அவனுக்கு இந்த ஊசி போடும் வயது இன்னும் வரவில்லை.

"கிட்ட வாங்க சிஸ்டர்," என்றார் பாஸ்டர். போனேன்.

பத்துப் பன்னிரண்டு நாளில் என் மகனுக்கும் தட்டம்மை வந்தது. மூளையைத் தாக்கி, ஐசியூ வரை போனது.

"அந்த ஸ்கூல்ல எல்லாருக்கும் போட்டிருந்தா இது உங்க வீட்டுக்கு வந்தே இருக்காதும்மா," என்றார் டாக்டர்.

ஆஸ்பத்திரிக்கு வந்த பாஸ்டர் அவன் தலையில் கை வைக்கப் போனார். நான் அந்தக் கையைத் தட்டிவிட்டேன்.

மகளை வேறு பள்ளியில் சேர்க்கும்போது, "இங்க எல்லாப் பிள்ளைங்களுக்கும் ஊசி போட்டிருக்கா?" என்றுதான் முதலில் கேட்டேன். மகன் பிழைத்துவிட்டான், காதுதான் போய்விட்டது. இப்போதெல்லாம் நான் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எதிரே போய் நின்று கையசைக்கிறேன்.