அக்காவின் கதவுக்கு நான் வாங்கிய பூட்டு

இங்கிலாந்தில் கதவைச் சாத்திச் சாவியைத் திருப்பினால் மட்டும் போதாது. முதலில் கைப்பிடியை மேலே தூக்க வேண்டும். உள்ளே கொக்கிகள் மாட்டும் சத்தம் கேட்க வேண்டும். அதற்குப் பிறகுதான் சாவி. இத்தனை வருடமாகியும் காலையில் வேலைக்குப் போகும்போது பாதித் தெருவிலிருந்து திரும்பி வந்து கைப்பிடியைத் தொட்டுப் பார்க்கிறேன்.

இந்த வீட்டுக்கு இன்சூரன்ஸ் எடுத்தபோது, தொலைபேசியில் பேசிய பெண் முன்கதவுப் பூட்டைப் பற்றியே கேட்டாள். என்ன வகை, எப்போதெல்லாம் பூட்ட வேண்டும் என்று வேகமாகச் சொல்லிக்கொண்டே போனாள். நான் ஊரில் ஓ லெவல் படிப்போடு நின்றவன். இன்னொரு முறை சொல்லுங்கள் என்று கேட்கக் கூச்சம். "யெஸ், யெஸ்" என்றேன். எந்நேரமும் பூட்டியிருக்க வேண்டும் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

அதே வருடம்தான் இலங்கையில், கண்டிக்குப் பக்கத்துக் கலஹாவில் அக்காவுக்குச் சிறியதொரு வீடு கட்டி முடித்தேன். அதற்கு முன் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில், எங்கள் கதவுக்கு இருந்தது ஒரு கொண்டி மட்டுமே. பகலில் அதைப் போட்டால், உள்ளே ஏதோ சண்டை என்று பக்கத்துக் காம்பராவிலிருந்து வந்து தட்டுவார்கள். புதிய வீட்டிலும் அக்கா கதவை வெறுமனே சாத்தித்தான் வைத்திருந்தாள். பக்கத்து வீட்டுப் பரமேஸ் காலையில் அதைத் தள்ளிக்கொண்டு வந்து, தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் கொழுந்து பறிக்க மலைக்குப் போவாள். அந்த வீட்டுக்கும் கண்டியில் இன்சூரன்ஸ் எடுத்தேன். முன்கதவில் நல்ல பூட்டு இருக்க வேண்டும் என்றார்கள், அவ்வளவுதான். மீதியைச் சேர்த்தது நான். அக்குறணைக் கடையொன்றில் சொல்லி, உள்ளேயும் வெளியேயும் சாவியால் மட்டுமே திறக்கும் பூட்டை வாங்கிப் பொருத்தச் செய்தேன். பிறகு அக்காவுக்குத் தொலைபேசியில் பாடம் நடத்தினேன்.

"சாவிய பூட்டுல விடாத. அலுமாரியில வை."

"பகல்லயுமா தம்பி? நான்தான் உள்ளுக்கு இருக்கேனே."

"பகல்லயும்தான். இல்லாட்டி இன்சூரன்ஸ் செல்லாது."

"அப்ப பரமேசு?"

"தட்டட்டும்."

அக்காவுக்குச் சீனி வருத்தம், சர்க்கரை நோய். ஒரு நாள் காலையில் பக்கவாதம் வந்து கட்டிலடியில் விழுந்துவிட்டாள். பரமேஸ் தட்டியதும் கூப்பிட்டதும் அவளுக்குக் கேட்டிருக்கிறது, குரல் எழவில்லை. கண்டிக்குப் போயிருப்பாள் என்று நினைத்துப் பரமேஸ் மலைக்குப் போய்விட்டாள். மத்தியானம் வந்து ஜன்னலில் எட்டிப் பார்த்த பிறகுதான் ஆட்களைக் கூட்டி வந்து அலவாங்குக் கடப்பாரையால் கதவை உடைத்தாள். உயிர் தப்பியது. வலது கைக்கு அசைவு திரும்பவில்லை. காலையிலேயே கொண்டுவந்திருந்தால் என்று டாக்டர் சொன்னாராம்.

பேச்சு வந்ததும் அக்கா சொன்னாள்: "நல்ல பூட்டுதான் தம்பி. கதவுதான் போச்சு, பூட்டு அப்படியே இருக்கு."

கேலியா, ஆறுதலா என்று கேட்கவும் எனக்குக் கூச்சம்.

அதன் பிறகுதான் என் இன்சூரன்ஸ் பத்திரத்தை அகராதியோடு உட்கார்ந்து வாசித்தேன். வீட்டில் ஆளில்லாதபோதும் தூங்கும்போதும் பூட்ட வேண்டும் என்று மட்டும்தான் அதில் இருந்தது.

நான் தனியாக இருப்பவன். போன வாரம் ஒரு சாவியைப் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரரிடம் நீட்டினேன்.

"விடுமுறைக்குப் போகிறீர்களா?" என்று கேட்டார்.

"இல்லை. நீங்கள் தட்டி, நான் திறக்காவிட்டால்..."

"நான் ஏன் தட்டப்போகிறேன்? உங்களைத் தொந்தரவு செய்யவே மாட்டேன்" என்றார் அன்பாக. சாவியை ஓர் உறையில் போட்டு ஒட்டி, மேலே என் வீட்டு இலக்கத்தை எழுதி வைத்துக்கொண்டார்.

கலஹாவில் புதுக் கதவுக்கு அக்கா பூட்டே போடவில்லை. பகலில் ஒரு திரை மட்டும்தான். மத்தியானம் பரமேஸ் அதை விலக்கிக்கொண்டு அக்காவுக்குச் சோறூட்டப் போகும் நேரம் இங்கே எனக்குக் காலை. வெளியே வந்து கைப்பிடியை மேலே தூக்குகிறேன். கொக்கிகள் மாட்டிக்கொள்கின்றன.