சுயம்புகனி அக்காவின் மரச்சீனிக் கம்புகள்

சுயம்புகனி அக்காவின் தோட்டத்தை அழித்தது எங்கள் குடியிருப்போர் சங்கம். அவர் உடல் வீடு வந்து சேரும் முன்பே அதைச் செய்தார்கள்.

செய்தி வந்தபோது நான் துணிக்கடையில் சேலை மடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கவுன்டர் அவருடையது. எங்களுக்கு ஒரே கடை, ஒரே தெரு. நெஞ்சு வலிக்கிறது என்று ஆட்டோ ஏறியவர், "ஏட்டி, சாயங்காலம் கத்தரிக்குத் தண்ணி ஊத்திரு" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். ஆஸ்பத்திரியிலேயே இறந்துவிட்டார். துபாயிலிருந்து கணவர் வரவேண்டும் என்று உடலைப் பிணவறையில் வைத்தார்கள்.

எங்கள் நகர் வயலை நிரப்பிப் போட்ட மனை. வீடு கட்டியதும் எல்லோரும் வாசலுக்கு என்ன கல் பதிக்கலாம் என்று பார்த்தார்கள். அக்கா சமையலறைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்தார். அந்த வழியில் மட்டி வாழை வைத்தார். மீன் கழுவும் கல்லருகே கறிவேப்பிலை. மற்றவர்கள் கார் நிறுத்தும் முன்வாசலில் மரச்சீனி, அதாவது மரவள்ளிக் கிழங்கு. நாள் முழுக்க உட்காரவிடாத கடையிலிருந்து வந்து அங்கேதான் உட்காருவார். "கடையில இருக்கப்பிடாது. செடிகிட்ட இருந்தா யாரு கேப்பா?"

சங்கச் செயலாளர் கேட்டார். "இது டீசன்டான ஏரியா. வாசல்ல மரச்சீனி போட்டா எலி வரும். மீன் தண்ணி வேற நாறுது."

அது மழைக்காலம். கல் பதித்த வாசல்களிலிருந்து வழிந்த தண்ணீரெல்லாம் அக்காவின் மண்ணில்தான் இறங்கிக்கொண்டிருந்தது.

"ஒங்க வீட்டுத் தண்ணி பூரா இங்கதான் வந்து கெடக்கு. அது வரலாம், எங்க மீன் வாசம் மட்டும் அங்க வரப்பிடாதோ? நல்ல ஞாயம் அண்ணாச்சி!"

தெருவே சிரித்தது. செயலாளர் திரும்பிப் போனார். பதிலை அக்கா இறக்கும்வரை வைத்திருந்தார்.

அக்கா இறந்த மறுநாள் காலை ஜேசிபி சத்தம் கேட்டு ஓடினேன். வாழை சாய்ந்துவிட்டது. துக்கத்துக்கு வருகிறவர்கள் உட்காரப் பந்தல் போடவேண்டுமாம்.

"ரோட்டுல போட்டா ஆகாதா?"

"வண்டி போகாண்டாமா மக்கா? செத்தவளுக்கு இனி எதுக்குத் தோட்டம்?"

செயலாளரின் மகள் கல்யாணத்துக்குத் தெருவை அடைத்துப் போட்ட பந்தலில் நானும் சாப்பிட்டிருக்கிறேன்.

அந்தத் தோட்டத்தை வீடியோ காலில் மட்டுமே பார்த்திருந்த கணவர் வந்து இறங்கி, வெறும் செம்மண்ணைப் பார்த்து, "இது நம்ம வீடுதானா?" என்று என்னிடம் கேட்டார்.

குப்பையிலிருந்து ஒரு கட்டு மரச்சீனிக் கம்பை எடுத்து வைத்தேன். "இதுக்கு வித்து வேண்டாம் ஏட்டி. முறிச்சு எறிஞ்சாலும் கணு இருந்தாப் போரும்" என்பார் அக்கா. முளைத்துவிட்டன. அவரிடமிருந்து என்னிடம் இருப்பது இவ்வளவுதான். கணவர் நடச் சொல்கிறார். நட இடமில்லை. பந்தல் பிரித்த மண்ணில் சங்கம் இன்டர்லாக் கல்லை இறக்கி அடுக்கியிருக்கிறது. அக்காவின் நினைவாக இலவசமாகப் பதித்துத் தருகிறார்களாம்.

இரங்கல் கூட்டத்தில் செயலாளர் அக்காவின் உழைப்பைப் புகழ்ந்து முடித்ததும் எழுந்து கேட்டேன். அவர் எல்லோருக்கும் டீ கொடுக்கச் சொன்னார். அக்காவை அறிந்த உங்கள் எல்லோர் முன்னாலும் சங்கத்திடம் மறுபடி கேட்கிறேன்.

அந்தக் கல்லை எடுங்கள். எப்போது எடுப்பீர்கள்?