குட்டைக்கால் சேவலும் அத்தையின் கையும்

பிள்ளைகளே, உங்கள் அத்தையின் மாமனாரைப் பற்றி எழுத உட்காரும்போதெல்லாம், அவரைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தையாவது கிடைக்கட்டும் என்று தள்ளிப்போட்டு வந்தேன். கிடைக்கவில்லை. அதனால் உள்ளதை எழுதுகிறேன். நீங்கள் அவரைத் தாத்தா என்றே கூப்பிடுங்கள். சொந்தமாகிவிட்டது, வேறு வழியில்லை.

துறைமுகத்தில் ஆபீஸ் வேலை பார்த்து ஓய்வுபெற்ற மனிதர். அதிகாரம் செய்ய ஆள் இல்லாமல் போனதால் மொட்டைமாடியில் கோழி வளர்த்தார். சாதாரணக் கோழி அவர் தகுதிக்குப் போதாது. குட்டைக்கால் கோழி வேண்டும். அடிவயிறு தரையில் உரச, தவழ்ந்து போகிற மாதிரி நடக்கும். விளாத்திகுளம் சந்தையில் காசு கொடுத்து வாங்கி வந்துவிட்டு, "நான் உண்டாக்கின இனம்" என்று தெருவெல்லாம் சொன்னார். நான் உப்பு லாரி ஓட்டுகிறவன், அதுவும் அது என் தங்கச்சியைக் கொடுத்த வீடு. கேட்டுக்கொண்டு இருந்தேன்.

அந்த வீட்டில் அடை வைப்பது மருமகள் வேலை. ஓலைப்பெட்டியில் மணலைப் பரப்பி, இடி தாக்காமலிருக்கக் கரித்துண்டும் இரும்பாணியும் காய்ந்த மிளகாயும் போட்டு, மேலே முட்டைகளை அவள் கையால் அடுக்க வேண்டும். கைராசிக்காரி அடுக்கினால் எல்லாம் பொரிக்குமாம். அத்தை அடுக்கிய ஒவ்வொரு அடையிலும் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு கூமுட்டையாகிப் போனது. பொரித்த குஞ்சுகளிலும் சிலது நீளக்கால். அதைக் கண்டால் பெரிய மனிதருக்கு அவமானம். கலப்பு என்று சொல்லி யாருக்காவது தூக்கிக் கொடுத்துவிடுவார். குட்டையோடு குட்டையையே திரும்பத் திரும்பச் சேர்த்து இனத்தைச் சுத்தப்படுத்துகிறாராம்.

அந்தச் சமயத்தில்தான் அத்தைக்கு இரண்டு முறை கரு கலைந்தது. புருஷன் பெண்டாட்டி இருவர் ரத்தத்தையும் சோதிக்க வேண்டும் என்றார் டாக்டர். அத்தை கொடுத்துவிட்டாள். மகனைக் கொடுக்க விடவில்லை இவர். தங்கள் வம்சத்து ரத்தம் சுத்தமானது, அதில் ஊசி குத்தித் தேட ஒன்றும் இல்லை என்றுவிட்டார். மகனும் அப்பாவுக்குத் தலையாட்டிப் பழகிய பிள்ளை.

ஒருநாள் நான் போனபோது மாடியில் பெரியவர் கூமுட்டைகளை உடைத்துப் போட்டிருந்தார். சிலவற்றுக்குள் மெல்லிய ரத்தவளையம் தெரிந்தது. கரு பிடித்துப் பிறகு செத்திருக்கிறது. அத்தை துடைப்பத்தோடு நின்றாள்.

"ஏளா, ஒன் கை பட்டது எது வெளங்கிச்சு? முட்டையும் வெளங்கல, வயிறும் வெளங்கல."

பிறகு என் பக்கம் திரும்பி, உங்கள் தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள், மகனுக்கு வேறு இடம் பார்க்கிறோம் என்றார். கடைக்குப் போய் மீன் வாங்கி வரச் சொல்கிற அதே குரல்.

மூத்தவளே, உனக்கு நினைவிருக்கும். அந்த வாரம் நீ பரீட்சைக்குக் கொல்லி மரபணு என்ற பாடத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்தாய். மஞ்சள் எலி எப்போதும் மஞ்சளாகவே குட்டி போடாது என்று அதில் வந்தது. மஞ்சளுக்கான மரபணுவை ஒரு பக்கத்திலிருந்து வாங்கிய குட்டி மஞ்சளாகப் பிழைக்கும். தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வாங்கியது வயிற்றிலேயே செத்துவிடும். எனக்கு அந்த ரத்தவளையம் கண்ணில் நின்றது. பத்தாவதோடு நின்றவன் புரிந்துகொண்டது சரிதானா என்று கால்நடை டாக்டரிடம் போய்க் கேட்டேன். குட்டைக்கால் கோழிக்கும் இதே கதைதான் என்றார். குட்டையும் குட்டையும் சேர்ந்தால் நாலில் ஒன்று நீளக்கால், இரண்டு குட்டைக்கால், மிச்சம் ஒன்று பொரிக்கவே பொரிக்காது. யார் அடுக்கினாலும் இதுதான் கணக்கு.

வேம்பாருக்கு உப்பு ஏற்றப் போனபோது ஒரு நாட்டுக்கோழி வாங்கி வந்தேன். அவருடைய சேவலை இதோடு சேர்ப்போம், அந்த முட்டைகளைத் தங்கச்சி அடுக்கட்டும், குட்டையோடு குட்டை சேர்ந்த முட்டைகளை நீங்களே அடுக்குங்கள் என்றேன். உடனே சம்மதித்தார். உண்மை தெரிய வேண்டும் என்று இல்லை; அவள் தோற்பதைத் தெரு பார்க்கட்டும் என்ற ஆசை. தலைக்குக் குளித்து, புது வேட்டி கட்டி அடுக்கினார். அவள் நிழல்கூடப் படக்கூடாது என்று தன் கூட்டுக்குப் பூட்டும் போட்டு, சாவியை அரைஞாணில் முடிந்துகொண்டார்.

அத்தை அடுக்கியதில் எல்லாம் பொரித்தது. பாதிக்குக் குட்டைக்கால், பாதிக்கு நீளக்கால். பெரியவர் பெட்டியில் வழக்கம்போல நாலில் ஒரு பங்கு கூமுட்டை.

அப்போதுதான் சொன்னேன். "மாமா, ஒங்க மாடியில நடமாடுத குட்டைக்கால் ஒவ்வொண்ணும் கலப்புதான். நீங்க தேடுத சுத்தம் முட்டைக்குள்ளயே செத்துப் போகுது."

கோழி என்ன புத்தகம் படித்துவிட்டா முட்டை போடுகிறது என்று கேட்டார். பிறகு, இந்தச் சனியன் எப்படியோ தன் முட்டைகளையும் தொட்டிருக்கிறாள் என்றார்.

அதுவரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த மகன் வாய் திறந்தார்.

"எப்பா, பூட்டுச் சாவி ஒங்க அரைஞாண்லதான கெடக்கு?"

பெரியவர் கை தன்னால் இடுப்புக்குப் போனது. சாவி இருந்தது. அதற்கும் ஒரு பதிலைத் தேடினார் பாருங்கள், அந்த முகத்தை நான் மறக்கமாட்டேன். கடைசியில் வேம்பார் கோழியின் கண்ணேறு என்றார். ஆயுசு முழுக்க ஃபைலில் கையெழுத்துப் போட்ட மனிதர், ஒரு கோழி தன்னைப் பொறாமையோடு பார்த்துவிட்டது என்கிறார்.

மறுநாள் காலை மகன் அவரிடம் கேட்காமல் போய் ரத்தம் கொடுத்தார். ஊசி குத்தியதில் வம்சம் ஒன்றும் ஒழுகிப் போய்விடவில்லை. அந்த மாதமே தனியாக வீடு பார்த்துக்கொண்டார்கள். அத்தை தன் குஞ்சுகளையும் வேம்பார் கோழியையும் கையோடு கொண்டுபோனாள். சோதனையில் என்ன வந்தது என்பது அவர்கள் இருவர் சமாச்சாரம், நீங்கள் கேட்காதீர்கள். அந்த வீட்டில் இன்னும் பிள்ளை இல்லை. ஆனால் அவள் கையைப் பார்த்துப் பேச அங்கே ஆளும் இல்லை.

பெரியவர் இன்றைக்கும் குட்டையோடு குட்டையைத்தான் சேர்க்கிறார். கூமுட்டைகளை இப்போது அவரே பெருக்கி அள்ளுகிறார்.