துவர்த்து மூடிய லேப்டாப்

விண்டோஸ் மாற்றிக் கொடுப்பது என் பிழைப்பு. மாற்றிய மறுநிமிடம் நேற்றுவரை ஓடிய ஏதாவது ஒன்று படுத்துக்கொள்ளும், பழி என் தலையில் விழும். உங்கள் வீட்டிலும் ஒரு பிரிண்டர் அப்படிப் படுத்திருக்கும், ஆகவே உங்களிடம் சொல்லலாம். என் கடை குளச்சல் பேருந்து நிலையத்துக்குப் பக்கம்.

ஆராதனை முறை

தக்கலைப் பக்கம் ஒரு சபையின் செயலர் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தார். புது விண்டோஸ் போட்டேன். ஞாயிறு ஆராதனைக்கு அவர் தட்டி வைத்திருந்த பாட்டும் ஜெபமும் பழைய எழுத்துருவில் இருந்தன. அந்த எழுத்துரு போய்விட்டதால் தமிழெல்லாம் ஆங்கிலக் கிறுக்கலாக நின்றது. அன்று சனிக்கிழமை. யார் யாரிடமோ கேட்டு எழுத்துருவை வாங்கிப் போடுவதற்குள் எனக்குச் சட்டை நனைந்துவிட்டது. செயலர் நிதானமாகச் சொன்னார்: "ஆண்டவருக்கு இது வெளங்கும் மக்கா. பாட்டுக் குழுவுக்குத்தான் வெளங்காது."

சுவரைப் பார்

அதிலிருந்து, காப்பி எடுக்காமல் எந்தக் கம்ப்யூட்டரிலும் கை வைப்பதில்லை. இந்த விதியோடு முதலில் மல்லுக்கு நின்றவர் விசைப்படகு வைத்திருக்கும் சேசடிமை அண்ணன். மகளின் கல்லூரித் தேர்வுக்குப் புது விண்டோஸ் வேண்டும். ஆனால் அதே லேப்டாப்பில்தான் அவருடைய மடைகள் இருந்தன. மடை என்றால் கடலுக்கடியில் பாறை கிடந்து மீன் கூடுகிற இடம். படகின் ஜி.பி.எஸ். கெட்டுப்போய்ப் புதிது வாங்கியிருந்தார். மடைகளை அதில் ஏற்றினால்தான் படகு கடலுக்குப் போகும். வேறு எங்கும் பிரதி கிடையாது.

மடை எங்கே என்று கூடப்பிறந்தவனிடமே சொல்ல மாட்டார்கள், என்னிடமா காட்டுவார்? தோளில் கிடந்த துண்டை, எங்கள் ஊர்ப் பேச்சில் துவர்த்தை, எடுத்துத் திரைமேல் போட்டார். அதற்குள் தலையை விட்டு, பென்டிரைவில் தானே காப்பி எடுத்தார். எனக்கு வந்த உத்தரவு இது: "நான் முடிக்கது வரைக்கும் நீ சொவரப் பாத்துக்கிட்டு இரி."

பென்டிரைவில் இருந்தது

பழைய விண்டோஸ் ரொம்பக் கெட்டிருந்ததால் புதிதாகவே போட்டேன். மகளின் தேர்வு மென்பொருள் ஓடியது. மடை மென்பொருள் ஓடமாட்டேன் என்றது. பழைய விண்டோஸில் இருப்பதாக அதை நம்பவைத்து எழுப்பினேன். ஜி.பி.எஸ். கேபிளுக்குப் பழைய டிரைவரைத் தேடிப் போட்டேன். எல்லாம் ஆனபிறகு பென்டிரைவைச் செருகினால், உள்ளே மடைக் கோப்பு இல்லை. லேப்டாப் முகப்பில் அதைத் திறப்பதற்கு வைத்திருந்த ஷார்ட்கட் படம் மட்டும் இருந்தது. வீட்டை விட்டுவிட்டு விலாசத்தை எடுத்து வந்திருக்கிறார்.

அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். புது விண்டோஸ் பழையதைக் கொஞ்ச நாள் ஒரு மூலையில் போட்டு வைக்கும், அதில் தேடலாம் என்றேன். ஆனால் தேடுவதும், திறந்து சரிதானா என்று பார்ப்பதும் நான்தான். சுவரைப் பார்த்துக்கொண்டு நடக்காது. மறுபடி திரையை மூடக் கையில் வைத்திருந்த துவர்த்தை அண்ணன் தோளில் போட்டார். "பாத்துக்கோ. பாத்தத இங்கயே விட்டுரு."

மச்சினர் வந்தார்

கோப்பு கிடைத்தது. திரையெங்கும் புள்ளிகளாக மடைகள் வந்தன, புதுக் கருவியிலும் ஏறின. அண்ணன் ஒவ்வொன்றாகப் பார்த்துத் தலையாட்டினார். படகு கடலுக்குப் போனது, எனக்கும் மூச்சு வந்தது.

அடுத்த வாரம் அவர் மனைவியின் தம்பி வந்தார். அவருக்கும் படகு உண்டு. ஒரு கையில் லேப்டாப், மறுகையில் நெய்மீன். "அத்தானுக்க லேப்டாப்ப நீதானே பாத்த? அதுல ரெண்டு மடை சொல்லு" என்றார். "நான் பாத்தது துவர்த்து மட்டுந்தான்" என்று மீனை அவர் பக்கமே தள்ளினேன். நல்ல மீன், தள்ள மனசில்லை. முறைப்பார் என்று நினைத்தேன். அவரோ மீனைத் திரும்ப என் பக்கம் வைத்து, லேப்டாப்பையும் அதனருகே வைத்தார். "அப்ப செரி. இதுல எனக்க மடை கெடக்கு, விண்டோஸ் மாத்தித் தா. நீ பாத்தாலும் கொழப்பமில்ல."

இப்போது என் மேசை இழுப்பறையில் பென்டிரைவுகளோடு ஒரு துவர்த்தும் மடித்து வைத்திருக்கிறேன். கடையில் இருப்பதிலேயே எந்த விண்டோஸுக்கும் ஒத்துப்போவது அது ஒன்றுதான்.